கல்கி: தொண்டைநாட்டுக் காடும் தொடர்கதை மர்மமும்

கல்கி என்னும் புனைபெயரால் அறியப்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899 செப்டம்பர் 9ஆம் நாள் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின் பொருட்டுத் திருச்சிராப்பள்ளியில் பள்ளிப்படிப்பைத் துறந்து, 1922இல் சிறை சென்றார். பின்னர் நவசக்தி, விமோசனம், ஆனந்த விகடன் ஆகிய இதழ்களில் பணியாற்றி, 1941இல் தி. சதாசிவத்துடன் இணைந்து கல்கி இதழைத் தொடங்கினார். இவை பலரும் எழுதியவை. அவர்தம் வாழ்வின் இறுதிப் பதின்மூன்று ஆண்டுகளில் மர்மக் கதையும் காட்டுநிலமும் ஒன்றோடொன்று பிணைந்த முறையே இவண் கருதப்படுகிறது.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் மேலைக் கதைகளைத் தழுவித் தமிழில் மர்ம நாவலை வேரூன்றச் செய்தனர். அவ்வாசகர்களையே கல்கி பல்லவர் காலத்திற்கு அழைத்துச் சென்றார். பார்த்திபன் கனவு (1941–43) தொடரில் சிவனடியார் யார் என்னும் வினா நெடுநாள் நீடிக்கிறது. இரத்தின வியாபாரியாக வேடமிட்டு மாமல்லபுரத் துறையில் இறங்கும் விக்கிரமன், உறையூர் செல்லும் வழியில் காட்டில் தாக்கப்படுகிறான். பாழடைந்த சிற்பியின் வீட்டில் இரவைக் கழிக்கிறான். காட்டாற்று வெள்ளத்தில் சிக்குகிறான். ஆள் அடையாளம் மறைவதும் வெளிப்படுவதும் நிலத்தின் போக்கிலேயே நிகழ்கின்றன. காட்டை நீக்கின் கதை நில்லாது.

மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யுடன் கழித்த மாலையொன்றிலிருந்தே சிவகாமியின் சபதம் (1944–46) கருக்கொண்டது என்பது கல்கியே பதிவு செய்த செய்தி. இப்புதினம் காலத்தால் முந்திய நிகழ்ச்சிகளைப் பிந்தி எழுதியது. முன்னைத் தொடரில் ஆளற்றுக் கிடந்த சிற்பியின் வீடு, இங்கே காஞ்சியை அடுத்த கானகத்தில் ஆயனரும் சிவகாமியும் வாழும் அரண்ய வீடாக உயிர்பெறுகிறது. காஞ்சி அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒற்றைக் கையுடைய கபால பைரவரின் முன்கதையும் நாகநந்தியின் வரலாற்றால் விளங்குகிறது. விடையை முதலில் அளித்துப் புதிரைப் பின்னர் விரித்த இவ்வமைப்பு, வாரப் பரபரப்புக்காக மட்டும் எழுதினார் என்னும் பழிக்கு எதிரான வலிய சான்றாகும். மணிக்கொடி மரபினர் அவர்மீது வைத்த விமர்சனங்களுள் சில நியாயமானவையே. எனினும் நிலத்தை அவர் கையாண்ட திறம் அவ்விவாதத்தில் உரிய இடம் பெறவில்லை.

பொன்னியின் செல்வனில் (1950–54) கோடிக்கரைச் சதுப்பும் புதைசேறும் இப்பணியையே ஆற்றுகின்றன. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாரென அறுதியிடாமலே அத்தொடரை முடித்தார். வாசகர் மனக்குறையை உணர்ந்து நீண்ட முடிவுரையும் வரைந்தார். கொலைப் புதிரையோ அவிழ்க்கவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தபோது அமரதாரா தொடர் பாதியில் நின்றது. அதனை அவர் மகள் ஆனந்தி எழுதி நிறைவு செய்தார்.