ஓசூர் டு அடையாறு: மகப்பேறு திட்டத்தின் பெயரில் இருக்கும் டாக்டர் யார்?

ஓசூர், கிருஷ்ணகிரி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கும் பெயர் முத்துலட்சுமி ரெட்டி. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தரும் அரசுத் திட்டம் இவர் பெயரில்தான் இருக்கு. யார் இவர்?

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அங்குள்ள மகாராஜா கல்லூரியில் சேரப் போனப்போ, பெண் வந்தா பையன்கள் கெட்டுப்போவாங்கன்னு எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே தலையிட்டு சேர்த்துவிட்டார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம்.

அதன்பிறகு சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர். தேவதாசி முறை ஒழிப்புக்குக் குரல் கொடுத்தார். 1930-ல் ஔவை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலி மனசை விட்டுப் போகவே இல்லை. பல வருட முயற்சிக்குப் பிறகு, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது.

பத்மபூஷண் வந்தது 1956-ல், 70 வயதை நெருங்கும்போது. 1968-ல் மறைந்தார். பிறந்தநாளான ஜூலை 30-ஐ தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடத் தொடங்கியது 2019-ல். அதாவது, இறந்து 51 வருடம் கழித்து.

இன்னிக்கும் பலருக்கு இவர் பொது அறிவுத் தேர்வில் வரும் 'முதல் பெண்' மட்டும்தான். ஆனா அடையாறுக்கு வரும் நோயாளிக்கு அவர் விட்டுப்போனது பட்டம் இல்ல, படுக்கையும் சிகிச்சையும்.