நரம்பின் செய்தியைக் கண்டறிந்த அகதி

உணவின் மணம் மூக்கை எட்டியதுமே இரைப்பை விழித்துக்கொள்கிறது. மூளையிலிருந்து வேகஸ் என்னும் அலைநரம்பு வழியே கட்டளை செல்ல, இரைப்பைக் கலங்கள் காஸ்ற்றின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகின்றன; அமிலம் சுரக்கிறது. நரம்பின் நுனியைக் கடந்து அக்கட்டளை செல்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு வழி திறந்தவர், நம்மைப் போலவே நாடிழந்து அலைந்த ஒருவர்.

ஒட்டோ லோவி 1873இல் ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1909இல் ஒஸ்ரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியரானார். ஓரிரவு கனவில் தோன்றிய பரிசோதனையொன்றைக் குறித்துவைத்தார். காலையில் தம் கிறுக்கல் தமக்கே விளங்கவில்லை. மறுநாளிரவும் அவ்வெண்ணம் எழவே, உடனே ஆய்வுகூடம் விரைந்தார். தவளை இதயமொன்றின் அலைநரம்பைத் தூண்டினார், துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்தில் இருந்த திரவத்தை இன்னோர் இதயத்துக்கு மாற்றினார், அதுவும் தளர்ந்தது. நரம்பு ஓர் இரசாயனத்தின் மூலமே பேசுகிறது என்பது 1921இல் வெளியாயிற்று. அப்பொருள் அசற்றைல்கோலின் எனப் பின்னர் தெளிவாயிற்று.

இரைப்பைச் சுவரிலும் அலைநரம்பு இதனையே சுரக்கிறது. அதனால் தூண்டப்படும் உள்நரம்புகளுட் சில, வேறொரு பெப்ரைட்டை வெளியிட்டுக் காஸ்ற்றின் கலங்களை இயக்குகின்றன. காஸ்ற்றினுக்குக் கடிவாளமிடும் சோமற்றோஸ்ரற்றின் சுரப்பையும் அசற்றைல்கோலின் குறைத்துவிடுகிறது.

1936இல் ஹென்றி டேலுடன் லோவி நோபல் பரிசைப் பகிர்ந்தார். 1938 மார்ச்சில் நாசிகள் ஒஸ்ரியாவுள் புகுந்த இரவிலேயே ஆயுதபாணிகள் அவரைப் படுக்கையறையிலிருந்து சிறைக்கு இழுத்துச் சென்றனர். கொல்லப்படுவோம் என அஞ்சிய நிலையிலும், தம் கடைசி ஆய்வு முடிவை ஓர் அஞ்சலட்டையில் எழுதி விஞ்ஞான இதழொன்றுக்கு அனுப்பினார். பரிசுப் பணத்தை நாசிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 65. மனைவியோ சொத்துக்களின் பேரில் மேலும் சில ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டார்.

பிரசெல்ஸ், ஒக்ஸ்போர்ட் என அலைந்து 1940இல் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தார். அவர் கையளித்த மருத்துவச் சான்றிதழில், முதுமைத் தளர்ச்சியால் உழைத்துப் பிழைக்க இயலாதவர் என எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டு அவர் நடுங்கினார். குடிவரவு அதிகாரி அதனைப் பொருட்படுத்தாமல் உள்ளே அனுமதித்தார். நியூயோர்க் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. 1946இல் குடியுரிமையும் கிடைத்தது. 1961 டிசம்பர் 25இல், 88ஆவது வயதில் காலமானார்.

நம்முடைய கோப்புகளும் எங்கோ ஒரு மேசையில் காத்துக் கிடக்கின்றன. அவற்றில் எழுதப்பட்டிருப்பது மட்டுமே நாமல்ல என்பதற்கு லோவியின் வாழ்வு சான்று.