சந்திரபாபு: கோடம்பாக்கத்தோட ராக் அண்ட் ரோல்

1964 அக்டோபர்ல கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில ரெண்டு நாள் நடந்த கச்சேரியைப் படமா எடுத்தாங்க. பேரு 'தி டாமி ஷோ'. சக் பெர்ரி, பீச் பாய்ஸ், சுப்ரீம்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ்னு எல்லாரும் ஒரே மேடை. அதுல ஜேம்ஸ் பிரவுன் ஆடுற ஆட்டத்தைப் பாத்தா, அந்தக் காலத்துல நம்ம ஊர்ல இப்படி யாராவது இருந்தாங்களான்னு தோணும். இருந்தார். ஜே.பி. சந்திரபாபு.

1927-ல தூத்துக்குடியில பிறந்தவர். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். குடும்பம் இலங்கைக்குப் போனதால பையன் படிச்சது கொழும்புல. 1947-ல 'தன அமராவதி'யில அறிமுகம். அதுக்கப்புறம் ஸ்டுடியோ ஸ்டுடியோவா அலைஞ்ச வருஷங்கள் கொடுமை. விரக்தியில ஜெமினி ஸ்டுடியோவுக்குள்ளேயே உயிரை விடப் பாத்து, கைதாகி கோர்ட் வரைக்கும் போனார். அதே ஜெமினிதான் 1952-ல 'மூன்று பிள்ளைகள்' படத்துல அவரை நடிக்க வெச்சது.

ஆல்ப்ஸ் மலைக்காரங்க அடிக்குரல்ல இருந்து கள்ளக்குரலுக்குச் சட்டுனு தாவிப் பாடுவாங்களே, யோடலிங், அதைத் தமிழ்ப் பாட்டுக்குள்ள கொண்டு வந்தவர் இவர். 1954-ல ஏவி.எம்.மோட 'பெண்' படத்துல எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். ஆமா, பின்னாடி வீணை வித்வானாப் பேர் வாங்கின அதே பாலசந்தர்! 1959-ல அதே ஏவி.எம். 'சகோதரி'யை எடுத்து முடிச்சிட்டு, படம் தேறாதுன்னு பயந்து, சந்திரபாபு காமெடியைத் தனியா எடுத்துச் சேர்த்தாங்க. படம் தப்பிச்சது.

இங்கதான் எனக்கு வருத்தம். அங்க அப்படி ஆடினவன் ஸ்டார். கோடம்பாக்கத்துல அப்படி ஆடினா காமெடியன். எலும்பே இல்லாத மாதிரி வளையுற அந்த உடம்புக்குக் கேமரா கொடுத்தது படத்துக்கு ஒண்ணு, ரெண்டு பாட்டு. மேல்நாட்டு ஆட்டம்னா சிரிக்கத்தான்னு முடிவு பண்ணிட்டாங்க.

அவர் அதோட நிக்கல. எம்.ஜி.ஆரை வெச்சு 'மாடி வீட்டு ஏழை'னு சொந்தப் படம் ஆரம்பிச்சார், பாதியில நின்னுபோச்சு. 1966-ல 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை அவரே இயக்கி நடிச்சார். அதுவும் ஓடல. அப்புறம் கடன், குடி. 1974 மார்ச் 8-ல போய்ச் சேர்ந்தப்போ வயசு 46.

'டாமி ஷோ'வை அமெரிக்காவோட தேசியத் திரைப்படப் பதிவேட்டுல 2006-ல சேர்த்துட்டாங்க. சந்திரபாபுவை நாமதான் படம் படமாத் தேடிப் பொறுக்கணும். 'சபாஷ் மீனா'வுல ஆரம்பிங்க, அதுல அவருக்கு ரெட்டை வேஷம். அப்புறம் 'மரகதம்', ஜமுனா ராணியோட பாடின டூயட்டுக்காக. ஹெட்போன் கட்டாயம்.