லியோ ஃபெண்டர்

மின்சாரக் கிட்டார் பயில்வோர் இருவர் ஒருங்கு கூடின், ஃபெண்டர் சிறந்ததோ கிப்ஸன் சிறந்ததோ என்னும் வழக்கு எழாமல் இராது. அவ்வழக்கில் ஒரு கட்சிக்குத் தம் பெயரையே ஈந்த லியோ ஃபெண்டரின் சரித்திரத்தை அறிந்தோர் நம்முட் சிலரே. ஆகலின் அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், ஆரஞ்சுத் தோட்டக் குடியானவர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். சிறு பிராயத்திலேயே நோயால் ஒரு கண்ணை இழந்தார். கற்றது கணக்கு, பார்த்ததும் கணக்கர் உத்தியோகமே. நாடெங்கும் தொழில் நலிந்த காலத்தில் அவ்வேலையும் போகவே, 1938-இல் கடன் வாங்கிப் புல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தார். கிட்டார் வாசிக்க அவர் இறுதிவரை கற்றாரில்லை. இதனைக் கேட்டு நகைப்பாரும் உளர். யாமோ அதனை அவர்க்கு வாய்த்த நற்பேறென்றே கருதுகின்றோம். வாசிப்போன் ஒலியில் மயங்குவான். பழுது பார்ப்போனோ, இஃது எங்கே கெடும், கெட்டால் எங்ஙனம் மாற்றுவது என்றே நோக்குவான்.

அந்நோக்கின் பயனே 1950-இல் வெளிப்போந்து, மறு ஆண்டு டெலிகாஸ்டர் எனப் பெயர்பெற்ற கிட்டார். உட்கூடில்லாத பலகையே அதன் உடல். கழுத்து நான்கு திருகாணிகளாற் பொருத்தப்பட்டது. கிப்ஸன் கம்பெனியார் 1952-இல் விடுத்த லெஸ் பால் கிட்டாரோ மகாகனி உடலும், மேலே வளைவாய்ச் செதுக்கிய மேப்பிள் மரமும், பசையிட்டு ஒட்டிய கழுத்தும் உடையது. நாதமும் வேறு. ஃபெண்டரின் ஒற்றைக் கம்பிச்சுருள் தெளிந்து கூரிய ஒலி தரும். உடன் மின்னிரைச்சலும் ஏறும். கிப்ஸனார் 1957 முதல் வைத்த இரட்டைச் சுருள் அவ்விரைச்சலை அடக்கிக் கனத்த ஒலி தரும். இனிமை ஒன்றையே நோக்கின் எம் செவி கிப்ஸன் பக்கமே சாயும்.

ஆயினும் யாம் வாழும் காந்தலில், ஆனி ஆடித் திங்களில், மூடுபனி வீட்டினுட் புகுந்து பெட்டிக்குள் இருக்கும் மரத்தையும் ஊதச் செய்யும். ஒட்டிய கழுத்துப் பிசகினால் கைதேர்ந்தோரைத் தேடி மலையிறங்க வேண்டும். திருகாணிக் கழுத்தைத் திருப்புளி ஒன்றாற் கழற்றி மாற்றலாம். இன்று மலிவாய்க் கிடைக்கும் கிட்டார்களுட் பல, எப்பெயர் தாங்கினும், இவர் வகுத்த அமைப்பினவே. வறிய மாணாக்கன் கைக்கும் கருவி எட்டியது அதனாலன்றோ! எனவே எம் கட்சி ஃபெண்டர் கட்சியே.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. 1965-இல் நோயுற்றமையால் கம்பெனியை 130 லட்சம் டாலருக்கு விற்றார். பெயரும் உடன் போயிற்று. ஆதலின் முதுமையில் நண்பர் ஜார்ஜ் புல்லர்ட்டனோடு தொடங்கிய கம்பெனிக்கு, இருவர் பெயரின் முதலெழுத்துக்களால் ஜி அண்டு எல் என்றே பெயரிட்டனர். நடுக்குவாத நோய் பற்றிய பின்னரும் பட்டறைக்குச் செல்வதை அவர் விட்டாரில்லை. 1991 மார்ச்சு 21-ஆம் நாள் காலமானார்.