திருவக்கரை கல்மரம் என்ன மரம்? மைக்ராஸ்கோப்பில் விடை தேடிய பீர்பால் சாஹ்னி யார்?

விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் பக்கத்துல இருக்கிற திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயசு சுமார் 2 கோடி ஆண்டுகள். பார்த்தா வெறும் கல்தான். அப்போ எது என்ன மரம்னு எப்படித் தெரியும்?

இங்கேதான் பீர்பால் சாஹ்னி வருகிறார். 1891-ல், இன்றைய பாகிஸ்தானின் பேராவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1921-ல் லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இந்தியக் கல்மரங்களை மறுஆய்வு செய்த அவர், 1931-ல் திருவக்கரை மரம் ஒன்றை ஊசியிலை மர வகையான மெசெம்ப்ரியாக்சைலானில் சேர்த்தார்.

இதற்கு, ஒளி ஊடுருவும் அளவுக்குக் கல்லை மெல்லிசா தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். பெரிதாக்கினால், ஒரு நேரத்தில் ஒரு ஆழம் மட்டும்தான் தெளிவாத் தெரியும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, அடுக்கடுக்காப் பார்த்தால்தான் செல் சுவரின் நுண்குழிகள் பிடிபடும். இன்று அந்த அடுக்குப் படங்களைச் சேர்த்து, மேடு பள்ளத்தைக் கம்ப்யூட்டரே அளந்துடுது. அன்று கண்ணும் கையும்தான்.

லக்னோவில் அவர் கனவு கண்ட தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லில் புதைபடிவங்களைப் பதித்திருந்தார்கள். ஒரே வாரம்... ஏப்ரல் 10-ல் சாஹ்னி காலமானார். கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை. மனைவி சாவித்திரி பொறுப்பேற்று அதை நிறைவேற்றினார். இன்றும் சாஹ்னி பெயரிலேயே அது இயங்குகிறது.