மற்போர் வேந்தர் காமா

வடபுலத்தில் குடியேறி வாழும் நாம் இங்குள்ள அண்டை அயலாரின் பேச்சில் அடிக்கடி கேட்கும் பெயர்களுள் காமா என்பதும் ஒன்று. தோளை நிமிர்த்தித் திரியும் இளைஞனைக் கண்டால், பெரிய காமா பயில்வான் வந்துவிட்டான் என்று நகையாடுவது இவர்கள் வழக்கம். கிங்காங், தாராசிங் ஆகியோரின் பெயர் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு, அவர்கட்கு முந்திய இம்மல்லரின் வரலாறு அத்துணை நெருக்கமானதன்று. வென்ற போர்களால் புகழ் பெற்றவர் அவர். ஆயினும் அவர் வாழ்வை எண்ணிப் பார்க்குங்கால், நடவாமற்போன போர்களே நம் நெஞ்சை உறுத்துகின்றன.

குலாம் முகம்மது என்பது அவருடைய இயற்பெயர். 1878ஆம் ஆண்டில், மற்போரையே குலத்தொழிலாகக் கொண்ட காஷ்மீரக் குடும்பமொன்றில் தோன்றினார். ஆறு வயதளவில் தந்தையாரை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமனும் அவரை வளர்த்துக் கோதாவில் இறக்கினர். 1888இல் ஜோத்பூரில் நானூற்றுவருக்கு மேற்பட்ட மல்லர் கூடிப் பஸ்கி எடுக்கும் போட்டியொன்று நிகழ்ந்தது. களைத்தவர் ஒவ்வொருவராக விலக, கடைசியில் எஞ்சிய பதினைவருள் பத்து வயதுச் சிறுவன் காமாவும் ஒருவன். அவன் இளமையைக் கருதி மன்னர் அவனையே வென்றவனாக அறிவித்தார். அதன்பின் ததியா சமஸ்தானத்தின் ஆதரவு கிட்டியது.

1902இல் அவர் தூக்கியதாகச் சொல்லப்படும் பாறையொன்று பரோடாப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. எடை 1,200 கிலோ என்கின்றனர். அவ்வெண்ணை அப்படியே ஏற்க நமக்குத் தயக்கமே. காமாவின் பெருமைக்கு அப்பாறையின் துணை தேவையுமில்லை.

1910இல் வங்கச் செல்வர் சரத் குமார் மித்ராவின் பொருளுதவியால் காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் இலண்டன் சென்றனர். அங்கே காமாவை ஏற இறங்கப் பார்த்தவர்கள் அவருடைய உயரத்தையே கண்டார்கள்; 5 அடி 7 அங்குலம். அது போதாதென்று போட்டியில் சேர்க்க மறுத்தனர் என்பர். காமா அறைகூவல் விடுத்தார். அரை மணி நேரத்துக்குள் எந்த மூவரையும் வீழ்த்துவதாகப் பறைசாற்றியும் முதலில் எவரும் அசையவில்லை. பின்னர் அமெரிக்கரான டாக்டர் ரோலர் இறங்கினார். ஆகஸ்டு மாதம் நிகழ்ந்த அப்போரில் முதல் வீழ்ச்சிக்கு இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. இரண்டாவது பத்து நிமிடத்துக்குள் முடிந்தது.

அடுத்து வந்தவர் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ. செப்டம்பர் 10ஆம் நாள் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் 250 பவுனும் ஜான் புல் கச்சையும் பரிசாக வைத்து இருவரும் மோதினர். மோதினர் என்று சொல்லுதலும் பொருந்தாது. தொடக்கத்திலேயே காமாவின் பிடி இத்தகையது என உணர்ந்த ஸ்பிஸ்கோ, மெத்தை விரிப்பின்மேல் குப்புறக் கவிழ்ந்து நிலத்தைப் பற்றிக்கொண்டார். மேனாட்டு முறையில் அவ்வாறு கிடப்பது குற்றமன்று. தோள்கள் இரண்டும் மண்ணில் அழுந்தினாலன்றித் தோல்வியில்லை. கொழுவிய பேருடலர் ஒருவர் அவ்வாறு கிடந்தால் புரட்டுவது எளிதா? இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா முயன்றார். முடிவின்றிப் போர் நிறுத்தப்பட்டது. மறுவாரம், 17ஆம் நாள், மீண்டும் மோதுவதென ஏற்பாடு. காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கு வழங்கப்பட்டது. எதிரியற்ற களத்தில் கிடைத்த வெற்றி அது.

இதே ஸ்பிஸ்கோவை மூன்று மாதத்துக்கு முன்னர்ச் சிகாகோவில் வென்றவர் பிராங்க் காட்ச். ஹாக்கன்ஸ்மித்தை 1908இல் வீழ்த்தி உலகப் பட்டம் கொண்டவர் அவர். காமா அவரையும் அழைத்தார், ஹாக்கன்ஸ்மித்தையும் அழைத்தார். இருவரும் இசையவில்லை. கோழைமை என்று இதனை ஒரு சொல்லில் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. பட்டத்தை வைத்துப் பிழைக்கும் தொழில்முறை மல்லனுக்கு, பெயர் பரவாத இந்தியர் ஒருவரை வெல்வதால் வரும் ஊதியம் சிறிது. தோற்பதால் வரும் இழப்போ பெரிது. கணக்கு அவர்கள் பக்கம் சரிதான். ஆனால் அக்கணக்கினால் அக்காலத்து முதல் மல்லர் யார் என்ற வினா விடையின்றியே போயிற்று. 1917இல் காட்ச் மறைந்ததும் அது என்றென்றைக்குமாக மூடப்பட்டது.

காமா மீதும் நமக்கு ஒரு குறையுண்டு. அவரே அமெரிக்கா சென்று காட்சின் வாயிலில் நின்றிருக்கலாகாதா? கல்கத்தாவின் கோபர் குஹா அவ்வாறு சென்றார். 1921இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆட் சாண்டலை வென்று பட்டமும் பெற்றார். காமாவோ தாயகம் திரும்பி, ஏழடியை நெருங்கிய உயரமுடைய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை அலகாபாத்தில் வென்றார். பதினேழு வயதில் அவரோடு சமன் செய்தது முதல் ஆறாதிருந்த கணக்கு அது. ருஸ்தமே ஹிந்த் என்ற பட்டம் வந்தது. அதற்குப் பின் எதிர்க்க ஆளில்லை.

1928 ஜனவரியில் பட்டியாலாவில் ஸ்பிஸ்கோ மீண்டும் எதிரே நின்றார். இடையே 1921, 1925 ஆகிய ஆண்டுகளில் இருமுறை உலகப் பட்டம் பெற்றவர் அவர். இம்முறை விரிப்பு இல்லை. இந்தியக் கோதாவின் மண். ஒரு நிமிடம் முடியுமுன் ஸ்பிஸ்கோ வீழ்ந்தார். பல்லாயிரவர் ஆர்ப்பரித்தனர். மன்னர் பூபேந்திர சிங் வெள்ளிக் கதை அளித்தார். நாடே கொண்டாடியது, கொண்டாடட்டும். ஆனால் அன்று இருவரும் ஐம்பதை நெருங்கியவர்கள். பதினேழு ஆண்டுகள் முன்னதாக அம்மண்ணில் அவர்கள் நின்றிருந்தால் என்ன காட்சியாக இருந்திருக்கும் என்பதே நம் ஏக்கம்.

நாட்டுப் பிரிவினையின்போது காமா லாகூரில் இருந்தார். கலவரத்தில் தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களைக் கூட்டத்தார் தாக்க வந்தபோது முன்னின்று காத்தார் என்பர். மன்னர் ஆதரவு போன பின் நோயும் வறுமையும் வந்தன. எல்லைக்கு இப்பாலிருந்து ஜி. டி. பிர்லா திங்கள்தோறும் உதவித்தொகை அனுப்பினார். 1960 மே 23ஆம் நாள் லாகூரில் காமா காலமானார்.

அவர் பூட்டிக்கொண்டு பஸ்கி எடுத்த வளையம், ஏறத்தாழ 95 கிலோ எடையுள்ளது, பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பொருட்காட்சியில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வழிச் செல்லும் அன்பர்கள் அதனைக் கேட்டுப் பார்க்கலாம்.