கூழாங்கல்லில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்

1774-ம் ஆண்டு. ஜனவரி மாதம்.

சுவிட்சர்லாந்து நாட்டில், பிர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. அங்கே ஒரு தகப்பனார் தன் மூன்றரை வயது மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பையன் ஒப்பித்தான். ஆனால், கவனித்துப் பார்த்தபோது தகப்பனாருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பையனுக்கு எண்களின் பெயர்தான் தெரிந்திருந்தது. எண் தெரியவில்லை!

வேறு தகப்பனாராக இருந்தால் பையனின் காதைத் திருகியிருப்பார். இவர் தன்னையே நொந்துகொண்டார். தவறு தன்னுடையதுதான் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரண்டு என்றால் என்ன என்று நன்றாக விளங்குவதற்கு முன்பு, மூன்று என்ற சொல்லைக் குழந்தையின் வாயில் திணிப்பானேன் என்று யோசித்தார்.

அந்தத் தகப்பனார்தான் பெஸ்டலாசி. பையனின் பெயர் ஜேக்கப்.

கேலிக்கு ஆளானவர்

பெஸ்டலாசி 1746-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி சூரிச் நகரில் பிறந்தார். தந்தை வைத்தியர். பெஸ்டலாசிக்கு ஐந்து வயதானபோது அவர் இறந்துபோனார். சாகும் தறுவாயில், குடும்பத்தைக் கைவிடவேண்டாம் என்று வேலைக்காரியிடம் கேட்டுக்கொண்டார். பாபெலி என்ற அந்தப் பெண், கொடுத்த வாக்கை மீறாமல் அந்த வீட்டிலேயே கடைசிவரை உழைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெஸ்டலாசியை மற்றப் பிள்ளைகள் கோமாளி என்று கேலி செய்வார்கள். ஒரு முறை நிலம் அதிர்ந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். பிறகு, உள்ளே விட்டுவந்த தொப்பிகளையும் புத்தகங்களையும் எடுத்துவர யாரை அனுப்பினார்கள் தெரியுமா? அவரைத்தான்! அவரும் போய் எடுத்துவந்தார்.

1769-ல் அன்னா என்ற பணக்கார வீட்டுப் பெண்ணை மணந்தார். பெண் வீட்டாருக்கு இஷ்டமில்லை. அவர்கள் பயந்தது சரியாகவே போயிற்று. பெஸ்டலாசி நிலம் வாங்கி விவசாயம் செய்தார். நஷ்டம். 1774-ல் ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து, நூல் நூற்கவும் நெய்யவும் பழக்கி, கூடவே படிப்பும் சொல்லிக்கொடுத்தார். அதிலும் நஷ்டம். 1780-ல் அதை மூடவேண்டியதாயிற்று. மனைவியின் சொத்தும் கரைந்தது.

வரவு செலவுக் கணக்கு அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை. கையெழுத்தும் மோசம். எழுத்துப் பிழைகள் ஏராளம். இப்படிப்பட்டவர்தான் மற்றவர்களுக்குக் கணக்குக் கற்பிக்கும் வழியைக் காட்டினார்!

ஜன்னல் கண்ணாடிகள்

பண்ணை போனதும் பேனாவை எடுத்தார். "லியோனார்டும் கெர்ட்ரூடும்" என்ற கதைப் புத்தகம் 1781-ல் வெளிவரத் தொடங்கியது. அவருக்குப் புகழும் வந்தது.

அந்தக் கதையில் வரும் கெர்ட்ரூட் ஓர் ஏழைத் தாய். அவள் வீட்டில் கணக்குப் புத்தகம் கிடையாது. அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எத்தனை அடி எடுத்துவைக்கிறோம் என்று குழந்தைகளை எண்ணச் சொல்வாள். நூற்கும்போது நூலை எண்ணச் சொல்வாள். ஜன்னலில் ஒரு வரிசைக்கு ஐந்து கண்ணாடிகள். அப்படி இரண்டு வரிசை. ஐந்தும் ஐந்தும் பத்து என்பதை அந்த ஜன்னலே கற்பித்துவிட்டது.

எண்பது அநாதைகள்

1798 செப்டம்பரில், ஸ்டான்ஸ் என்ற ஊரும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் பிரெஞ்சுப் படையால் நாசமாயின. பெற்றோரை இழந்த குழந்தைகள் தெருவில் நின்றார்கள். அவர்களைக் காப்பாற்றும் பொறுப்பை அரசாங்கம் பெஸ்டலாசியிடம் ஒப்படைத்தது. அப்போது அவருக்கு வயது 52.

1799 ஜனவரியில், கன்னியர் மடம் ஒன்றில் அநாதை விடுதி தொடங்கியது. சுமார் 80 குழந்தைகள். சொறியும் சிரங்குமாக வந்தவர்கள் பலர். துணைக்கு வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டுமே. குழந்தைகளோடு சாப்பிட்டு, குழந்தைகளோடு தூங்கினார் பெஸ்டலாசி. ஜூன் மாதத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கட்டடத்தை ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள்.

அடுத்தபடியாக பர்க்டார்ப் நகருக்குப் போனார். அங்கே செருப்புத் தைக்கும் ஒருவர்தான் ஏழைப் பிள்ளைகளின் உபாத்தியாயர். அவருடைய பள்ளியில் பெஸ்டலாசிக்கு இடம் கிடைத்தது. மனப்பாடம் செய்யச் சொல்லாத வாத்தியாரும் ஒரு வாத்தியாரா? எதிர்ப்புக் கிளம்பியது. அங்கிருந்து சிறு குழந்தைகளின் பள்ளி ஒன்றுக்கு மாறினார்.

ஒன்றும் ஒன்றும்

அங்கே எழுத்து கற்பிக்கச் சிறு அட்டைகள் வைத்திருந்தார். ஓர் அட்டையை மேஜையில் வைப்பார். பல அட்டைகள் இருக்கின்றனவா என்று கேட்பார். இல்லை, ஒன்றுதான் என்று குழந்தை சொல்லும். பக்கத்தில் இன்னொன்றை வைப்பார். ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்பார். இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார். கூழாங்கல், பட்டாணி, குச்சி, கைவிரல் எல்லாம் அவருக்குப் பாடப் புத்தகம்தான்.

இது குழந்தை விளையாட்டுப்போலத் தோன்றும். ஆனால் கூட்டல் கணக்கின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஐந்து கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றைப் போட்டுப் பிறகு இரண்டைச் சேர்த்தாலும் ஐந்து. இரண்டைப் போட்டுப் பிறகு மூன்றைச் சேர்த்தாலும் ஐந்து. ஒன்றுமே சேர்க்காவிட்டால் இருந்தது இருந்தபடியே இருக்கும். வாய்ப்பாடாக ஒப்பிக்கும் குழந்தைக்கு மூன்றும் இரண்டும் ஒரு பாடம், இரண்டும் மூன்றும் வேறு ஒரு பாடம். கல்லை நகர்த்திப் பார்த்த குழந்தைக்கோ இரண்டும் ஒரே பாடம். பாதிச் சுமை குறைந்துவிடுகிறது!

எட்டும் ஐந்தும் எத்தனை? ஐந்திலிருந்து இரண்டு கற்களை எடுத்து எட்டோடு சேர்த்தால் பத்து. மிச்சம் மூன்று. ஆக 13. கற்களை எப்படிப் பிரித்துக் கூட்டினாலும் மொத்தம் மாறாது என்று கண்ணால் கண்ட குழந்தைதான் தைரியமாக இப்படிச் செய்யும்.

கற்களுக்கு அடுத்தபடியாக ஒரு படம் வரும். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம். முதல் வரிசைக் கட்டங்களில் ஒவ்வொரு கோடு, அடுத்த வரிசையில் இரண்டிரண்டு கோடுகள், இப்படிப் பத்து வரை. 1, 2 என்ற எழுத்துகள் அதற்குப் பின்புதான்.

இந்த முறைகளை விளக்கி, 1801-ல் "கெர்ட்ரூட் தன் குழந்தைகளுக்குக் கற்பிப்பது எப்படி" என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜேக்கப் இறந்துபோனான். காக்கை வலிப்பால் நெடுநாள் அவதிப்பட்டவன் அவன். வயது சுமார் 31தான். தகப்பனாருக்குப் பாடம் கற்பித்த முதல் குழந்தை அவன்தான்.

இவர்டன் கோட்டை

1805 முதல் இவர்டன் நகரக் கோட்டையில் பெஸ்டலாசியின் பள்ளி நடந்தது. பல நாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பிற்காலத்தில் குழந்தைகள் தோட்டப் பள்ளியைத் தோற்றுவித்த புரோபெல் இங்கே தங்கிப் பழகினார்.

1814-ல் ஸ்டைனர் என்ற விவசாயி மகன் வந்தான். வயது 18. எழுதக் கற்றதே 14 வயதில்தான்! கையில் காசில்லாத அவனையும் பெஸ்டலாசி சேர்த்துக்கொண்டார். அவன்தான் பிறகு பெர்லின் சர்வகலாசாலையில் பேராசிரியராகி, வடிவ கணிதத்தில் உலகப் புகழ் பெற்ற ஜேக்கப் ஸ்டைனர். அவன் பெயரும் ஜேக்கப்தான்.

1815-ல் அன்னா காலமானார். உபாத்தியாயர்களுக்குள் சண்டை மூண்டது. கடன் ஏறியது. 1825-ல் பள்ளியை மூடிவிட்டு, கிழவர் தன் பழைய பண்ணைக்கே திரும்பினார்.

1827 பிப்ரவரி 17-ந் தேதி, 81-வது வயதில் உயிர் நீத்தார். பிர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்து நூறு ஆண்டுகள் ஆனபோது, 1846-ல், அங்கே புதிய பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதன் சுவரிலேயே அவருடைய நினைவுச் சின்னத்தையும் அமைத்தார்கள்.